ஒரு நடை மிச்சம் பிடித்தேன்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம் அது. வெள்ளிமலையில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஜீப் டிரைவர். மருந்து தீரும் முன்பே கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வாங்கி வர வேண்டும்.

“பாம்புக்கடி மருந்து எட்டு பாட்டில்தான் இருக்குது. நாளைக்கே போய்ட்டு வா” என்றார் நர்சம்மா.

“பாம்பு இன்னா, வரேன்னு லெட்டர் போட்டுச்சா? இதுக்குன்னு காலி வண்டிய ஓட்டிக்கினு போனா டீசல்தான் வேஸ்ட்டு. அடுத்த வாரம் எல்லாத்தையும் ஒரே நடையா எடுத்தாறேங்க” என்று சிரித்தேன்.

இரண்டாம் நாள், மலையடிவாரத்தில் போராட்டக்காரர்கள் மரங்களை வெட்டிப் போட்டுச் சாலையை மறித்துவிட்டார்கள். அன்று மதியமே பாம்பு கடித்த ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள்.

ஐந்து பாட்டில் ஏற்றியும் அவரால் இமையைத் தூக்க முடியவில்லை. மிச்சம் மூன்றுதான்.

“மருந்து இன்னும் இருக்குதில்லண்ணா?” என்று கேட்டாள் அவர் மனைவி.

“நெறைய இருக்குதும்மா” என்று பொய் சொன்னேன். நர்சம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எட்டாவது பாட்டிலும் முடிந்த பிறகுதான் அவர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார்.

அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். “மருந்து கொண்டாந்து வெச்சது நீதானாமே. நல்லா இருக்கணும்ணா.”

அவர் பிழைத்தது என் சிக்கனத்தால் அல்ல, எட்டு பாட்டிலுக்கு மேல் விஷம் இறக்காத அந்தப் பாம்பின் கஞ்சத்தனத்தால். அதை இன்றுவரை அவளிடம் நான் சொல்லவில்லை.