சாப்பிட்டவர்கள் பட்டியல்

பிரான்ஸில் எங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்காரி மதாம் ஒதில். நான் முதன்முதலில் அவள் வீட்டுக் கதவைத் தட்டியது ஒரு மத்தியான வேளையில். மேசையில் தட்டு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டாள். காலையில் குடித்த ஒரு காப்பியைத் தவிர என் வயிற்றில் ஒன்றும் இல்லை. "சாப்பிட்டேன்" என்றேன். நம்பிவிட்டாள்! ஊரில் இருக்கிறவர்களுக்கு இது பொய்யாகத்தான் தோன்றும். ஒரு பேச்சுக்குக்கூட இரண்டாம் தடவை கேட்கவில்லை. என் கண்ணெதிரிலேயே ரொட்டித் துண்டால் தட்டை வழித்து, இனிக் கழுவவே வேண்டாம் என்கிற அளவுக்குத் துடைத்து முடித்துவிட்டு, "சொல்லுங்கள்" என்றாள். வந்த காரியமே எனக்கு மறந்துபோயிற்று.

நம் பக்கத்தில் முதல் "சாப்ட்டேன்" மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது மானத்துக்கு. மூன்றாவது சொல்ல விட மாட்டார்கள். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடுவார்கள். வயிறு நிறைந்தவள் "இப்பத்தான், கொஞ்சமா" என்று இழுத்துப் பேசுவாள். காலி வயிற்றுக்காரிதான் தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்வாள். இந்த வித்தையெல்லாம் செல்லாத தேசத்துக்குக் கல்யாணமான கையோடு வந்தவள் நான். என் வீட்டுக்காரர் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். குடியுரிமையை எனக்கு விட்டுவிட்டுப் போனார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் பிரெஞ்சு மொழி கிடைத்தது ஒரு பள்ளிக்கூடச் சமையற்கட்டின் கழுவுதொட்டியில். முதலில் கற்ற வார்த்தை முட்கரண்டி, அடுத்தது 'சீக்கிரம்'. அந்தப் பிரெஞ்சை நம்பித்தான் ஒதில் என்னை ஒரு வேலைக்குக் கூப்பிட்டாள். அவள் புத்தி அப்படி.

அவள் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். புதுச்சேரியில் தனியாக இருக்கும் வயதான மீன்காரப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எத்தனை வேளை சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். அதைப் பார்த்துவிட்டு ஒரு தர்ம சங்கம் மத்தியானச் சோறு போட ஓரிடத்தில் சமையற்கூடம் திறக்கும். ஓரிடத்தில்தான். வைத்திக்குப்பமா, பிள்ளைச்சாவடியா என்பதை இவள் அறிக்கை சொல்லும். பிள்ளைச்சாவடியில் கேட்டுச் சொல்ல வெளியூர்ப் பெண் ஒருத்தி கிடைத்தாள். வைத்திக்குப்பத்துக்கு நான். நான் பிறந்த குப்பம். என் தங்கச்சி அஞ்சலை இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். பிறந்த ஊருக்குப் போக விமானச் சீட்டும் கொடுத்து, பேசுவதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களே என்று சந்தோஷமாகத்தான் போனேன்.

அஞ்சலை வாசலிலேயே ஆரம்பித்தாள். "வாக்கா. என்னா, வெள்ளக்காரிய கூட்டியாந்துட்ட? உம் பையனுக்குப் பாத்த பொண்ணா? வயசு கொஞ்சம் கூடத் தெரியுதே." ஒதில் என்னவென்று கேட்டாள். உன் அழகைப் புகழ்கிறாள் என்றேன். ஒதில் வெட்கப்பட்டாள். பிறகு காகிதத்தை எடுத்துக் கேள்விகளைக் கேட்டாள். நேற்று எத்தனை வேளை சாப்பிட்டீர்கள்? நான் தமிழில் கேட்டேன். அஞ்சலை என்னைப் பார்க்கவில்லை, நேராக ஒதிலைப் பார்த்துச் சொன்னாள்: "மூணு வேளையும் சாப்ட்டேன்னு சொல்லு. மீன் இல்லாம கை நனைக்கிறதே இல்லன்னு சொல்லு. நல்லா எழுதிக்கச் சொல்லு." அப்படியே சொன்னேன். எழுதிக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் கலர் சோடாவும் வறுத்த சங்கரா மீனும் வந்தன. மீன் பக்கத்து வீட்டுத் தட்டில் வந்தது. அந்தத் தட்டின் ஓரத்தில் பக்கத்து வீட்டுக்காரி பெயர் வெட்டியிருந்தது.

கை கழுவப் பின்பக்கம் போனேன். சோற்றுக் குண்டான் கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தி உள்ளே விரலால் தடவினேன். தூசி. அடுப்பின் மேல் அவளுடைய பழைய அன்னக்கூடை, மீன் விற்ற காலத்தில் தலையில் சுமந்தது, மூடி மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் அனுப்பும் பணமெல்லாம் அவள் மகனின் படகுக்குப் போய்விடுகிறது என்று தெரியும். ஆனால் இவ்வளவு என்று தெரியாது. பின்னாலேயே வந்தவளிடம் மெதுவாக, "என்னாடி இது?" என்றேன். அவள் குண்டானை என் கையிலிருந்து வாங்கி மறுபடி கவிழ்த்தாள். "மீன் ஆறுது, போய்த் துன்னு" என்றாள். நானும் போய்த் தின்றேன். குண்டானைப் பற்றி ஒதிலிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. அடுத்தடுத்த வீடுகளிலும் இதே கதை. அஞ்சலையின் அக்கா பிரான்ஸிலிருந்து வந்து நிற்கிறாள், கூடவே வெள்ளைக்காரி. எவள் பட்டினி என்பாள்? எல்லாரும் சாப்பிட்டிருந்தார்கள். நான் பார்த்து வளர்ந்த பொம்பளைகள், கழுத்தெலும்பு துருத்த நின்றுகொண்டு, சத்தமாகச் சாப்பிட்டிருந்தார்கள். பிள்ளைச்சாவடியில் அந்தப் பெண்ணை யாருக்கும் தெரியாது. வழியோடு போகிறவள்தானே என்று உள்ளதைச் சொல்லிவிட்டார்கள்.

இந்தக் குளிர்காலத்தில் ஒதில் அறிக்கை எழுத உட்கார்ந்தாள். பெயர்களில் சந்தேகம் வந்தால் கேட்க என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அறிக்கை என்பது ஒரு நாலு அறை வீடு. ஏன் போனோம் என்பது முதல் அறை. எப்படிக் கேட்டோம் என்பது அடுத்தது. மூன்றாவது ரெஸுல்தா, அதாவது என்ன கிடைத்தது என்பது. நாலாவது அறையில்தான் நமக்குத் தோன்றியதைப் பேசலாம். ரெஸுல்தாவுக்குள் நுழையும்போது நம் நினைப்பையெல்லாம் செருப்பைப் போல வெளியே கழற்றிவிட வேண்டுமாம். ஒதில் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினாள்: வைத்திக்குப்பத்துப் பெண்கள் அனைவரும் மூன்று வேளையும் உண்பதாகத் தெரிவித்தனர். கீழே ஒரு கட்டம் போட்ட பட்டியல். பிள்ளைச்சாவடிப் பக்கம் பசி, எங்கள் பக்கம் விருந்து. அந்த வெள்ளைத்தாளில் எங்கள் குப்பத்தைப் போலக் கொழுத்த ஊர் உலகத்தில் இல்லை.

"இது சரியில்லை" என்றேன். அஞ்சலையின் குண்டானைச் சொன்னேன்.

ஒதில் பேனாவைக் கீழே வைத்தாள். "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

"என் தங்கச்சி."

அவளுக்கு அது பதிலாகத் தெரியவில்லை. "அவர் சொன்னதைத் தவறாக மொழிபெயர்த்தீர்களா?"

"இல்லை. சரியாகத்தான் சொன்னேன்."

"அப்படியானால் நான் எதைத் திருத்துவது?"

கெட்டவள் இல்லை. தேநீர் போட்டுக்கொண்டு வந்து யோசித்துச் சொன்னாள்: நீங்கள் பார்த்ததை நாலாவது அறையில் ஒரு வரி எழுதலாம். ஆனால் சங்கத்துக்காரர்கள் ரெஸுல்தாவின் கட்டத்தைத்தான் பார்ப்பார்கள். சொன்னவரே தன் பதிலைத் திருத்தலாம், அதற்கு விதி இருக்கிறது. ஒருத்தி திருத்தினாலும் போதும், மற்ற எல்லாரையும் வேறு ஆளை வைத்து மறுபடி கேட்கச் சொல்லி அனுமதி வாங்குவேன். இல்லையென்றால் இந்த வாரம் தாள் இப்படியே சங்கத்துக்குப் போய்விடும்.

அங்கேயே போன் போட்டேன். ஊரில் அப்போது மத்தியானச் சோற்று வேளை. ஒதிலுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைத் திறந்து மேசைமேல் வைத்தேன்.

"என்னாக்கா இந்நேரத்துல? யாருனா செத்துட்டாங்களா?"

"நீ செத்தா எனக்கு யாரு போன் பண்ணுவா? அதான் முன்னாடியே பண்ணிட்டேன்."

சிரித்தாள். சிரிப்பு இருமலாகிப் போயிற்று. அடங்கும்வரை இருந்துவிட்டு, "மதாம் மறுபடி கேக்குறா. நேத்து எத்தன வேள சாப்ட்ட?" என்றேன்.

"அவளுக்கு வேற பொழப்பே இல்லியா? மூணு வேளன்னு அன்னிக்கே சொன்னனே."

"அஞ்சலை, உங் குண்டான நான் பாத்தேன்டி."

"பாத்தல்ல? பாத்துட்டு பிளேன் ஏறினல்ல? அதோட வுடு."

"ஒருத்தி சொன்னா போதுமாம். தெருவுக்கே சோறு வரும்."

"வரட்டும். வேற எவளாவது சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன். நான் பசின்னு சொன்னா, அக்காகாரி பிரான்ஸுல உக்காந்துகிட்டு என்னா கிழிச்சான்னு ஊரு உன்னத்தான் கேக்கும். எனக்கென்னா, எங் காலம் ஓடிப்போச்சு. உனக்காகத்தான் சொல்றேன். மூணு வேளன்னு எழுதச் சொல்லு."

ஒதில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னார்?"

பிரெஞ்சில் சொன்னேன். அவள் திருத்துகிறாள். நேற்று ஒரு வேளைகூட இல்லை, காப்பி மட்டும். அன்றைக்கு வெட்கப்பட்டுச் சொல்லவில்லையாம், இப்போது எழுதிக்கொள்ளச் சொல்கிறாள். இத்தனை வருடத்தில் என் பிரெஞ்சு எங்கேயும் தடுக்காமல் வந்தது அன்றைக்குத்தான்.

ஒதில் தலையசைத்தாள். பட்டியலில் ஒரு கட்டத்தை அடித்துப் பக்கத்தில் எழுதினாள். போன் பக்கம் குனிந்து, காது கேளாதவளிடம் சொல்வதுபோல, "மெர்சி, மதாம்!" என்றாள்.

"என்னாக்கா கத்துறா?"

"நன்றி சொல்றா."

"நான் சொன்னத சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"மாத்தாம?"

"அப்படியே சொல்லிட்டேன்டி."

"சரி, கெடக்கட்டும்" என்றாள். போனை எங்கோ வைத்தாள். அணைக்கவில்லை, அவளுக்கு அணைக்கத் தெரியாது. செருப்பு இழுபடுகிற சத்தம் தூரமாய்ப் போயிற்று. அப்புறம் அலை மட்டும். இங்கே ஒதில் தாளை என் முன்னால் நகர்த்தி, மறுபடி கேட்க வேண்டியவர்கள் யார் யார் என்று காட்டச் சொன்னாள். என் கூட விளையாடியவள், எனக்குத் தலை பின்னியவள், என் கல்யாணத்துக்கு மீன் அனுப்பியவள் என்று எல்லாரும் வரிசையாக நம்பர் போட்டு நின்றார்கள். அலையில் ஒரு காதை வைத்துக்கொண்டு, அடுத்த பெயரின்மேல் விரலை வைத்தேன்.