ஆஜராகவில்லை என்று எழுதிய நாள்

கீழ்வேளூருக்குக் கிழக்கே ஓர் ஊரில், ஒரு நண்பகலில், எதிரே நின்ற பெண்ணைப் பார்த்துவிட்டு, “மும்முறை அழைத்தும் ஆஜராகவில்லை” என்று எழுதினேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர் வேலையில் இரண்டாவது வருஷம்.

புதிதாக வருவாய்த் துறைக்கு வந்திருப்பவர்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி ஓய்வுபெற்ற நண்பர்கள் கேட்டார்கள். வெள்ளத்தில் படகில் போய் ஊரைக் காலி செய்த கதையை எல்லாக் கூட்டத்திலும் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். இதை எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

1. விசாரணை

ஆட்சி மாறியிருந்த காலம். குத்தகைக்கு உழுபவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் நிலத்தைவிட்டு அவர்களை லேசில் எழுப்ப முடியாது. அதனால் ஊருக்கு ஊர் தகராறு. ஒரு பக்கம் சிவப்புக் கொடி, இன்னொரு பக்கம் மிராசுதார்களின் ஆட்கள். நடுவில் கையில் ஃபைலோடு எங்களைப் போன்றவர்கள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விசாரணை என்றுதான் நோட்டீஸில் போட்டிருந்தது. நான் சைக்கிளில் போய் இறங்கியதுமே மிராசுதார் எதிரில் வந்தார்.

“பள்ளிக்கூடத்துல ஓட்டுச்சூடு தாங்காது தம்பி. நம்ம வீட்டுக் கூடத்துல ஃபேன் இருக்கு. அங்கயே உக்காந்து முடிச்சுடலாம். சாப்பாடும் நம்ம வீட்லதான்.”

நான் போனேன். அந்தத் தெருவுக்குள் நுழையவே சேரியிலிருந்து வருபவர்கள் தயங்குவார்கள். அந்த வீட்டுக்குள் கால் வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. எனக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. நானும் அதே ஜில்லாவில், பாபநாசம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன்தான்.

மனு போட்டிருந்தவர்களில் ஒருவர் சேரியைச் சேர்ந்த அஞ்சலை. புருஷன் இறந்த பிறகும் மிராசுதாரின் மூன்று மா நிலத்தை, ஏறத்தாழ ஒரு ஏக்கரை, தானே நின்று சாகுபடி செய்துவந்தவர். அவருடைய முறை வந்ததும் தலையாரி வாசலில் நின்று மூன்று தடவை பெயரைக் கூப்பிட்டார். பிறகு உள்ளே வந்து என் காதருகே குனிந்தார்.

“எதுத்தாப்ல பூவரச மரத்தடியில நிக்கிதுங்கய்யா. உள்ள வராதுங்க. நீங்க ஒரு எட்டு வாசலுக்கு வந்தீங்கன்னா...”

மிராசுதாருக்கு அது காதில் விழுந்துவிட்டது. “வரலேன்னா வரலேன்னு எழுதிட்டுப் போவீங்களா, அவ அவளுக்கும் நீங்க எந்திரிச்சுப் போவீங்களா? எலை போட்டாச்சு தம்பி.”

நிமிர்ந்து பார்த்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம் அஞ்சலை நின்றார். முப்பது வயது இருக்கலாம். கக்கத்தில் ஒரு மஞ்சள் பை. நான் பார்ப்பதைக் கண்டு, பையை அப்படியே இடுக்கிக்கொண்டு என்னை நோக்கிக் கும்பிட்டார். நான் தலையைக் குனிந்து அந்த மூன்று சொற்களை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். கத்திரிக்காய் சாம்பார். நன்றாக இருந்தது என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

மனு தள்ளுபடி ஆனது. அடுத்த குறுவைக்குள் நிலத்தை மிராசுதார் எடுத்துக்கொண்டார். ஒருநாள் அந்த வழியாகப் போனபோது அதே வயலில் அஞ்சலை கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்தார். நான் சைக்கிளைத் திருப்பி வாய்க்கால் கரையைச் சுற்றிப் போனேன்.

அதன்பிறகு எனக்குக் குறை ஒன்றும் வரவில்லை. தாசில்தாராக ஓய்வுபெற்றேன். நேர்மையானவர் என்று பிரிவு உபசார விழாவில் பேசினார்கள். ஒரு பைசா கை நீட்டி வாங்கியதில்லை என்பது உண்மைதான். அதை வைத்தே என் மனசாட்சிக்கு நான் பல வருஷம் பதில் சொல்லிவந்தேன்.

2. கண்ணை மூடச் சொன்ன வகுப்பு

மனைவி போன பிறகு தஞ்சாவூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஆளுக்கொரு செல்போன், ஆளுக்கொரு அறை. நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மருமகள் முதியோர் தியான வகுப்பில் சேர்த்துவிட்டாள். பேரன் வயதில் ஒரு மாஸ்டர். காலர் மைக்கில் பேசுவார்.

“வேலை, குடும்பம்னு வெளியிலயே ஓடிட்டீங்க. இனிமே உங்க ஆன்மாவோட பேசுங்க. கண்ண மூடிக்கோங்க. மனசுக்குப் புடிச்ச ஒரு எடத்தப் பாருங்க.”

எனக்கு அந்தத் தெருதான் தெரிந்தது. மரம், வெயில், மஞ்சள் பை. மறுநாளும் அதுதான். பத்து நாளில் வகுப்பை நிறுத்திவிட்டேன்.

“ஏன் மாமா, புடிக்கலியா?” என்று மருமகள் கேட்டாள்.

“கண்ண மூடுனா ஒருத்தங்க வந்து நிக்கிறாங்கம்மா.”

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பூசி மெழுகவில்லை. “அவங்க உசுரோட இருக்காங்களான்னு விசாரிச்சீங்களா?” என்றாள்.

ஐம்பது வருஷமாக நான் விசாரிக்கவில்லை.

3. அஞ்சலை வீடு

இருந்தார். விசாரித்துக்கொண்டு போனேன். ரோட்டோரத்தில் மாடி வைத்த வீடு. மகள் பள்ளி ஆசிரியை. பழைய ஆர்.ஐ. என்று சொன்னதும் நாற்காலி போட்டு, டீ போட உள்ளே போனார். அஞ்சலையம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தார். காது கூர்மை.

“ஆர்.ஐ.யா? கண்ணாடி போட்ட ஆர்.ஐ.யா?” என்றார். “இம்புட்டு தூரம் வந்தீங்களா? ஒங்கள எங்காளுவ எல்லாம் எப்புடி ஏசுவாங்க தெரியுமா? நான் விடமாட்டேன். ‘அந்த மனுசன் கண்ணாடிக்காரரு, தூரத்துல நின்ன என்னைத் தெரியல, அவரு மேல என்னா குத்தம்’னு சொல்லுவேன்.”

அப்படியே விட்டிருக்கலாம். அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி என்று ஒரு நிமிஷம் தோன்றவும் செய்தது. அந்த நிமிஷத்துக்காகவும் வெட்கப்படுகிறேன்.

“தெரிஞ்சுதும்மா,” என்றேன். “நீங்க நின்னதைப் பார்த்தேன்.”

அவர் கட்டிலில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

“கும்புட்டனே?”

“அதையும் பார்த்தேன்.”

டீயோடு வந்த மகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அஞ்சலையம்மாள் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துச் சொன்னார்: “வயசாளி. டீயைக் குடிச்சுட்டுப் போவச் சொல்லு.” சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

குடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மகள் பஸ் ஸ்டாப் வரை வந்தார். “இத்தினி வருசம் ஒங்களுக்காக எங்க மாமா, சித்தப்பா எல்லார்கிட்டயும் சண்ட போட்டாங்க சார்,” என்றார். கோபம் இல்லாமல் சொன்னதுதான் தாங்க முடியவில்லை.

திருவாரூர் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. உண்மையைச் சொன்னேனே தவிர, மன்னிப்பு என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை. மறு வாரமே போனேன். “அம்மா பாக்க வேணாம்னு சொல்றாங்க சார்,” என்றார் மகள். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்தேன். சொன்னதை அவர் உள்ளே போய்ச் சொன்னாரா என்று தெரியாது. கேட்க எனக்கு உரிமை இல்லை.

வயதானால் மனசு தானாகத் தெளிந்துவிடும் என்று நம்பியிருந்தேன். அப்படி நடப்பதில்லை. ஓட்டம் நின்றதும் அடியில் கிடப்பது மேலே தெரிகிறது, அவ்வளவுதான். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒருவர் வரவில்லை என்று எழுதுவதற்கு முன் நாற்காலியைவிட்டு எழுந்து வாசல்வரை போய்ப் பாருங்கள். எனக்கு அது இருபதடி தூரம்கூட இல்லை.