செல்லாயிக்குத் தம்பி

பால்காரன் தண்ணீர் கலக்கிறான் என்று சௌந்தரம் சொன்னால், அவள் கணவர் தாண்டவராயன் செய்தித்தாளைத் தாழ்த்தி, "அவர் என்ன சொல்றார்?" என்றுதான் கேட்பார். "ஏன், அவனுக்கு நோட்டீஸ் அனுப்பணுமா?" என்பாள் அவள். அவர் சிரிப்பதில்லை. காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டால்கூட இன்னொரு வாய் குடித்துவிட்டுத்தான் பதில்.

கடலூரை ஒட்டிய மீனவர் குப்பம் ஒன்றில் பிறந்தவர். சிதம்பரத்தில் படித்து, அங்கேயே முன்சீப் கோர்ட்டில் வக்கீலாக நின்று, ஊர் ஊராக ஜில்லா ஜட்ஜாகச் சுற்றி, இப்போது சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி. அவர் தீர்ப்புகளில் எடுத்துச் சொல்லும்படியான வாக்கியம் ஒன்றும் கிடையாது. ஏன் தோற்றோம் என்பது தோற்றவனுக்குப் புரியும், அவ்வளவுதான்.

மே மாத விடுமுறைக்குச் சிதம்பரம் வீட்டுக்கு வந்துவிடுவார். இந்த வருஷம் வந்து இறங்கியபோதே அக்கா செல்லாயி வாசலில் நின்றாள். குப்பம் அவளைத் தள்ளிவைத்திருந்தது. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது, யாரும் பேசக் கூடாது. பக்கத்து வீட்டுச் சிங்காரத்தோடு மனைத் தகராறு. ஊர்ப் பஞ்சாயத்தை விட்டுவிட்டு அவள் கோர்ட்டுக்குப் போனதுதான் குற்றம்.

"நீ உக்காந்திருக்கிற எடந்தானடா அது? அங்க போறது தப்புன்னா, நீ அங்க என்னடா பண்ற?"

தாண்டவராயன் அப்போதே கிளம்பினார். குப்பத்துக்குப் போய் ஊர்த்தலைவர் பக்கிரியைப் பார்த்தார். அத்தை மகன்.

"மெட்ராஸ்ல நீ ஜட்ஜி மச்சான். இங்க செல்லாயிக்குத் தம்பி. அவ புருசன் இல்லாதவ. பொம்பள பஞ்சாயத்துக்கு வரக்கூடாது. நீ வந்து விழுந்து கும்புட்டா ஊரு சேத்துக்கும்."

"கேஸ் போட்டது அவுங்க உரிமைதானே?"

"யாரு இல்லன்னா? ஆளாளுக்குக் கோர்ட்டுக்குப் போயிட்டா, புயல் அன்னிக்கு எவன் கட்டுமரத்த எவன் கரையேத்துவான்?"

அதுவும் நியாயமாகப் பட்டதுதான் தொல்லை. விழுந்தால், கோர்ட்டுக்குப் போனது பிழை என்று ஒரு நீதிபதியே ஒப்புக்கொண்டதாகும். விழாவிட்டால், அக்கா தண்ணீருக்கு அடுத்த ஊர்வரை நடக்க வேண்டும். சாயங்காலம் கடலூரில் மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். எந்தப் பக்கமும் தோற்கவில்லை.

மறுநாள் மணலில் ஊர் ஆண்கள் கூடினார்கள். தாண்டவராயன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன, தீர்ப்பு ஒத்திவைப்பா?" என்றான் சிங்காரம். கூட்டம் சிரித்தது.

"இது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல," என்றார் தாண்டவராயன். "அக்காவுக்குத் தண்ணி வேணும்."

நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். சிரிப்பு நின்றது. பக்கிரி பதறி எழுந்து ஓடிவந்தார். "போதும், எந்திரி மச்சான். ஊரு சேத்துக்கிச்சு."

தூக்க வந்த கைகளை அவர் தள்ளிவிட்டார். மணலில் முகம் புதைத்தபடியே, செல்லாயி குடத்தோடு ஒதுங்கி நின்ற கிணற்றுப் பக்கம் விரலை நீட்டினார்.