பெரியவருக்கு இன்னும் போகவில்லை

காலையில் பல் தேய்க்கும் முன்பே மணல் பெட்டியின் மேல் குனிந்து சின்னக் கரண்டியால் கிளறிப் பார்ப்பது என் வேலை. சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுப்பாள்.

“இருக்குதா?”

“இல்ல.”

அதோடு அன்றைய காபி இருவருக்கும் இறங்காது.

எங்கள் பூனைக்கு வயது பதினான்கு. குட்டியாக இருந்தபோது என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிப் பேசியே காலம் ஓடிவிட்டது. நடையில் ஒரு நிதானமும் முகத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் சலிப்பும் வந்து சேர்ந்ததும், ‘பெரியவர்’ என்ற அழைப்பு தானாக ஒட்டிக்கொண்டது. அந்தப் பெரியவருக்கு மலச்சிக்கல். வந்தது, போனது, மறுபடி வந்தது. இப்போது எங்கள் வீட்டிலேயே நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

முதல் முறை அவர் பெட்டியருகே போய் முனகிவிட்டு வருவதும் சாப்பிட்டதை வாந்தி எடுப்பதுமாக இருந்தார். கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளியில் இருக்கும் கால்நடை டாக்டரம்மாவிடம் கூடையில் வைத்துக் கொண்டுபோனோம். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, “உள்ள கல்லு கட்டின மாதிரி இருக்கு சார்” என்றார். எனிமா கொடுத்ததும் சரியாகிவிட்டது.

இரண்டாம் முறை வைத்தியம் பார்த்தது சர்வீஸ் ரோடு. மாநில எல்லைக்குச் சற்று முன்னால், லாரி வரிசைக்கு நடுவில், ஸ்கூட்டர் ஒரு பள்ளத்தில் இறங்கி எழுந்த எழுச்சியில் கூடைக்குள்ளேயே காரியம் முடிந்துவிட்டது. பக்கத்து லாரி ஓட்டுநர் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நாங்கள் இருவரும் சாமி பார்த்த சந்தோஷத்தோடு வண்டியைத் திருப்பினோம்.

மூன்றாம் முறை, டாக்டர் எதற்கு, பள்ளம் போதுமே என்று நானே வைத்தியராகிவிட்டேன். சிப்காட் சாலைகளில் நல்ல பள்ளமாகத் தேடித் தேடி ஓட்டினேன். அவருக்குத் தொண்டை கட்டியது, எனக்கு இடுப்பு பிடித்தது. வேறொன்றும் நடக்கவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மனைவியோடு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் மறுபடி எனிமா கொடுத்து முடித்து, எங்களை உட்காரச் சொன்னார்.

“பெருங்குடல் விரிஞ்சு விரிஞ்சு தளர்ந்துபோச்சு சார். கிட்னியும் கொஞ்சம் வீக்கா இருக்கு. இன்னொரு வாட்டி அடைச்சா மயக்கம் குடுத்துத்தான் எடுக்கணும். இந்த வயசுல மயக்கம் குடுத்தா எழுந்துக்கும்னு என்னால உறுதியா சொல்ல முடியாது.”

திரும்பும் வழியெல்லாம் மனைவி கூடையை மடியில் வைத்துக்கொண்டு அவரிடம் கன்னடத்தில் பேசிக்கொண்டே வந்தாள். அவளுக்கு ஊர் ஆனேக்கல் பக்கம். என்னைத் திட்டுவது தமிழில், பெரியவரைக் கொஞ்சுவது கன்னடத்தில். இருபது வருடமாகக் கன்னடம் எனக்குச் சரியாக வராமல் போனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது கார் உதிரிபாகக் கம்பெனியில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில். ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால், மூலகாரணம் கிடைக்கும்வரை ‘ஏன், ஏன்’ என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும் என்பது எங்கள் பிரிவின் வேதம். அதையே வீட்டிலும் ஆரம்பித்தேன். ஏன் இறுகுகிறது? தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் குடிப்பதில்லை? போர்வெல் உப்பு. கேன் தண்ணீர் வைத்தேன். பெரியவர் அதை மோந்து பார்த்துவிட்டு, குளியலறை பக்கெட்டில் வாய் வைத்தார். பூசணியை வேகவைத்துச் சோற்றில் பிசைந்தேன். சோற்றைத் தின்றுவிட்டுப் பூசணியைத் தனியாக எடுத்து வைத்தார். டாக்டர் கொடுத்த சிரப்பில் பாதி அவர் வாய்க்குள் போகும், மீதி என் யூனிஃபார்மில். ஒரு நாள் அந்தச் சட்டையோடு ஷிஃப்டுக்குப் போய், எறும்பு ஏறி நான் குதித்ததில் விஷயம் லைன் முழுக்கப் பரவிவிட்டது. என் பிரிவில் இருக்கும் பையன் ஒருவன் தினமும் கேட்பான்.

“இன்னாணா, இன்னிக்கு அவுட்புட் வந்துச்சா?”

“வந்துச்சுடா.”

“குவாலிட்டி எப்படி?”

“பாஸ்.”

கேலிதான். ஆனால் ‘வரலடா’ என்று நான் சொன்ன நாட்களில் அவனே டீ வாங்கிக் கொடுப்பான்.

மழை முடிந்து குளிர் தொடங்கியபோது நாங்கள் பயந்தது வந்தது. மூன்று நாளாக ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டையும் ஒதுக்கிவிட்டார். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். “சாயங்காலம் வரைக்கும் சிரப் குடுங்க. போகலைன்னா நாளைக்குக் காலையில கொண்டாந்துடுங்க, மயக்கம் குடுத்து எடுத்துடலாம்” என்றார். மனைவி பெரியவரின் பழைய துண்டை எடுத்துத் துவைக்கப் போட்டாள், நாளைக்குக் கூடையில் விரிக்க.

நான் மணல் பெட்டியருகே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெட்டி என் கைவண்ணம். முன்பிருந்த தட்டையான பெட்டியிலிருந்து வீடெல்லாம் மணல் சிதறுகிறது என்று மனைவி முணுமுணுத்ததால், முதல் அடைப்புக்குக் கொஞ்ச நாள் முன்பு, கம்பெனியில் கழித்துப் போட்ட உயரமான நீல க்ரேட் பெட்டி ஒன்றைச் சொல்லிவிட்டு வாங்கி வந்து மாற்றியிருந்தேன். மணல் சிதறுவது அடியோடு நின்றது. ‘இதைப் போட்டோ எடுத்துக் கம்பெனி யோசனைப் பெட்டியில் போட்டிருந்தால் பரிசே கிடைத்திருக்கும்’ என்று அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

பெரியவர் வந்தார். முன்கால் இரண்டையும் விளிம்பில் வைத்தார். பின்காலை ஊன்றி எம்பப் பார்த்தார்; தொடை நடுங்கியது. இறங்கினார். மறுபடி வைத்தார். மறுபடி நடுக்கம். மெல்ல முனகிவிட்டு, வந்த வேலை ஞாபகமில்லாதவரைப் போல அலமாரி பக்கம் போய்விட்டார்.

அவரைத் தூக்கி வரலாம் என்று சுவரைப் பிடித்து, “அப்பா... அம்மா...” என்று நான் எழுந்தேன். அறை வாசலில் நின்றிருந்த மனைவி என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

“ஏங்க, முட்டி வலிக்குதுன்னு ரெண்டு வருசம் முன்னாடி உங்களுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் போட்டோமே?”

“ஆமா.”

“பெரியவருக்குப் போய் மதில் சுவர் கட்டி வெச்சிருக்கீங்க.”

எத்தனை ‘ஏன்’ கேட்டிருப்பேன்! தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், பூசணியைச் சந்தேகப்பட்டேன், கர்நாடக எல்லையையே சந்தேகப்பட்டேன். பரிசு வாங்க வேண்டிய அந்த நீலப் பெட்டி மட்டும் சந்தேகப் பட்டியலில் வரவே இல்லை. ஏற முடியாமல் அடக்கி அடக்கி வைத்திருக்கிறார், பாவம்.

பழைய பெட்டியை எப்போதோ தூக்கிப் போட்டாயிற்று. சமையலறைக்குள் ஓடி, கைக்கு அகப்பட்ட பெரிய தட்டை எடுத்தேன்.

“அது நான் வடகம் காய வெக்கிற தட்டு!”

“வேற வாங்கித் தர்றேன்.”

“நான் என்ன வேணாம்னா சொன்னேன்? கீழ பேப்பர் போட்டு வைங்க. சறுக்கும்.”

மணலைக் கொட்டிப் பரப்பினோம். இன்னொரு வேளை சிரப் கொடுத்தோம். பெரியவர் தட்டைச் சுற்றிவந்து மோந்தார், உள்ளே கால் வைத்தார், வெளியே வந்து படுத்துக்கொண்டார். வெயில் சுவரில் ஏறிக்கொண்டே போனது. அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று நாங்கள் ஹாலுக்கு வந்து டி.வி.யை ஓசையில்லாமல் ஓடவிட்டு, காதை அந்த அறையில் வைத்திருந்தோம்.

விளக்கு போடும் நேரத்தில் மணலைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு முனகல். மறுபடி முனகல். மனைவி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. மறுபடி மணலைப் பிறாண்டும் சத்தம் வந்ததும் எட்டிப் பார்த்தவள், “ஆய்த்து! ஆய்த்து!” என்று கத்திக்கொண்டே போனைத் தேடி ஓடினாள். அந்தக் கன்னடம் எனக்கு உடனே புரிந்தது.

பெட்டியில் ஏற முடியாத கதையையும் மனைவி சொன்னதும், ஸ்பீக்கரில் டாக்டரம்மாவின் குரல் கேட்டது. “ரொம்ப நல்லதும்மா. நாளைக்கு மயக்கம் வேண்டாம். ஆனா இனிமே வராதுன்னு நெனச்சுக்காதீங்க, குடல் தளர்ந்தது தளர்ந்ததுதான். கால் மூட்டையும் பாக்கணும், இந்த வாரத்துல ஒரு நாள் கொண்டாங்க.”

பெரியவர் தட்டிலிருந்து இறங்கப் பார்த்தார். முன்கால்கள் வெளியே வந்துவிட்டன, பின்கால்கள் வரவில்லை. அரை விரல் உயர விளிம்புதான், அதற்கே நின்றுவிட்டார். நான் மண்டியிட்டு அவர் இடுப்புக்கடியில் கையைக் கொடுத்தேன். அங்கே தொட்டால் சாதாரணமாகக் கடித்துவிடுவார். இன்று கடிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, மெதுவாக, தன் பாரத்தை என் உள்ளங்கையில் இறக்கினார்.