துத்தம் போடாத பசை

ராஜாத்தியின் ஐந்நூறு வாழ்த்து அட்டைகளையும் பூச்சிக்குத் தின்னக் கொடுத்தது நான்தான்.

கை தவறி நடந்ததல்ல. மறதியும் அல்ல. அடுப்பின் முன்னால் நின்று, அளவு பார்த்து, நிதானமாகச் செய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... பிறகு நீங்கள் என்மீது இரக்கப்பட்டு ஏமாந்துவிடக் கூடாதல்லவா!

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ராஜாத்தியின் வீடு. இருவரும் ஒன்றாகப் பள்ளி முடித்து, ஒன்றாகவே கைத்தொழில் ஆசிரியைப் பயிற்சியும் முடித்து, வேலை வருமென்று காத்துக்கொண்டிருந்தோம். சும்மா இருக்க முடியாமல் பொங்கல் வாழ்த்து அட்டைகள் செய்யத் தொடங்கினோம்.

சிவகாசி அச்சகங்களில் வெட்டிக் கழித்த அட்டைத் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும். பட்டம் விடும் காகிதத்தை மெல்லிய நாடாவாக நறுக்கி, ஈர்க்குச்சியில் சுற்றிச் சுற்றி உருவினால் பூ வரும், கரும்பு வரும், மாட்டின் கொம்பு வரும். ராஜபாளையத்தில் காதர் பாயின் பேன்சி கடையில் மார்கழி பிறந்ததும் சணல் கட்டி எங்கள் அட்டைகளைத் தொங்கவிடுவார். அச்சடித்த அட்டைகளுக்கு நடுவே எங்களுடையவை தனியாகத் தெரியும்.

ஆனால் கோபுர அட்டை எங்களுடையது அல்ல. என்னுடையது.

அட்டையை விரித்தால் உள்ளிருந்து எங்களூர்க் கோபுரம் எழுந்து நிற்கும். பதினோரு நிலையும்! மூடினால் ஒன்றுமே இல்லாததுபோல் தட்டையாகப் படிந்துவிடும். ஒவ்வொரு நிலையும் தனித்தனியே வெட்டி, கீழுள்ளதைவிட ஒரு நூலளவு குறைத்து, மடித்து, பின்னால் காதுபோல் ஒரு நீட்டம் விட்டு ஒட்ட வேண்டும். இரண்டு மாதம் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி வெட்டிப் பார்த்தேன். மேல் மூன்று நிலைகள் மட்டும் மூடும்போது வெளியே துருத்திக்கொண்டு நின்றன. ஒருநாள் சோற்றுக்கு உட்கார்ந்தபோது சட்டென்று தோன்றியது... மேல் நிலைகளின் மடிப்பை மட்டும் எதிர்ப்புறமாகத் திருப்ப வேண்டும்! சாப்பிடாமல் எழுந்து போய்ச் செய்தேன். படிந்தது. அழுதே விட்டேன்.

அதை முதலில் யாரிடம் காட்டினேன் என்று நினைக்கிறீர்கள்? வேறு யாரிடம் காட்டுவேன்?

ஒருநாள் வைத்துவிட்டுத் தருகிறேன், மதினியிடம் காட்ட வேண்டும் என்று ராஜாத்தி வாங்கிப் போனாள். மடிப்பு சொல்லிக் கொடு என்றாள். அதையும் சொல்லிக் கொடுத்தேன்.

ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கைத்தொழில் ஆசிரியை வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இருவருமே விண்ணப்பித்திருந்தோம். செவ்வாய்க்கிழமை அவளை வரச் சொல்லியிருந்தார்கள், வியாழக்கிழமை என்னை. வியாழனன்று தலைமையாசிரியையின் அறைக்குள் நுழைந்தேன். மேசைமேல் என் கோபுரம் நின்றுகொண்டிருந்தது!

"இது ராஜாத்தின்னு ஒரு பொண்ணு செஞ்சது. சொந்தமா யோசிச்சுச் செஞ்சிருக்கா. நீங்களும் அந்த ஊர்தானே, இது மாதிரி ஏதாவது செய்வீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

என் பையிலும் ஒரு கோபுர அட்டை இருந்தது. அதை எடுத்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கனிவாகச் சிரித்துக்கொண்டே, "அவகூட இருந்து கத்துக்கிட்டீங்களாக்கும்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா டீச்சர்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மறுத்திருந்தால் பொறாமைக்காரி என்று நினைத்திருப்பார். அது ஒரு காரணம். என்னுடையதுதான் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அது இன்னொன்று. ஆனால் அந்த "ஆமா" என் வாயிலிருந்து விழுந்த நொடியிலேயே ராஜாத்தியை நான் விடப்போவதில்லை என்று தீர்மானம் ஆகிவிட்டது.

வேலை அவளுக்குக் கிடைத்தது. முதல் ஒரு வருடம் தற்காலிகம், பிறகு நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். லட்டு கொண்டு வந்தாள். நான் கேட்காமலே அவளே பேச்சை எடுத்தாள்.

"ஏட்டி வடிவு, ரெண்டு பேரும் சேந்துதான எல்லாம் செஞ்சோம். ஒனக்கும் ஒண்ணு வராமலா போயிரும்?"

சேர்ந்தா செய்தோம்? பழைய பத்திரிகைகளை வெட்டி வெட்டி என் விரல் கொப்பளித்தபோது அவள் எங்கே இருந்தாள்? ஆனால் நான் அதைக் கேட்கவில்லை. சிரித்தேன். லட்டு நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது.

அந்த வருடம் புரட்டாசியில் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வரும் பொங்கலுக்குப் பள்ளியின் சார்பில் பெரிய மனிதர்களுக்கெல்லாம் கோபுர அட்டையே வாழ்த்தாகப் போக வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. ஐந்நூறு அட்டை. அவள் வேலை நிரந்தரமாவதும் அதில்தான் இருந்தது. தைப் பொங்கலுக்கு முன்பு நிர்வாகக் குழுவினர் வந்து அட்டைகளைப் பார்ப்பார்கள். ராஜாத்தி மூச்சிரைக்க என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"பசை மட்டும் நீ காய்ச்சித் தாட்டி. நான் காய்ச்சுனா கட்டி தட்டிருது. ஒங்கைப் பக்குவம் எனக்கு வராது" என்றாள்.

மைதாப் பசையைப் பற்றி உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மைதாவைத் தண்ணீரில் கரைத்து, கைவிடாமல் கிண்டி, கண்ணாடிபோல் வரும்போது இறக்க வேண்டும். இறக்குமுன் மயில்துத்தம் ஒரு துளி பொடித்துப் போட வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் நீலக் கல்லாகக் கிடைக்கும் விஷம் அது. துத்தம் விழுந்த பசையைப் பூச்சி தொடாது. துத்தம் விழாத பசை பூச்சிக்கு விருந்துச் சாப்பாடு. பைண்டிங் வேலை பார்க்கிறவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் துத்தம் போடவில்லை.

இத்தோடு நின்றேனா? துத்தம் போட்ட பசையில் இலேசாக நீலம் தட்டும். அவளுக்கு அது தெரியும். ஆகவே வேட்டிக்குப் போடும் நீலப்பொடியை ஒரு சிட்டிகை போட்டேன். பிறகு இரண்டு கரண்டி சீனியும் போட்டேன்! கரைகிறவரை கிண்டினேன். அந்த ஐப்பசி முழுக்க மழை. வாரம் இரண்டு சட்டி காய்ச்சிக் கொடுத்தேன். ஒவ்வொரு சட்டிக்கும் அதே அளவு... ஒரு முறைகூட மனம் மாறவில்லை.

ஒரு நாள் தடுமாறியிருக்கலாம். செய்து முடித்த அட்டைகளை அடுக்கிப் பூட்டிவைக்கும் பள்ளியின் மர அலமாரியில், பூச்சி அண்டாமலிருக்க ரசகற்பூர உருண்டை போடட்டுமா என்று அவள் கேட்டாள். பெரிய மனிதர்கள் கைக்குப் போகிற அட்டை, கற்பூர வாடை அடித்தால் நன்றாகவா இருக்கும், அதுதான் துத்தம் இருக்கிறதே என்றேன். நம்பினாள். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்கள். முதலில் பறித்தது அவள். ஆழமாகப் பறித்தது நான்.

மார்கழிக் கடைசியில் அலமாரியைத் திறந்தார்கள். நீயும் கூட நிற்க வேண்டும் என்று ராஜாத்தி கேட்டுக்கொண்டாள். போகாமல் இருப்பேனா? இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, திருவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன்.

கதவு திறந்ததும் கரப்பான்கள் சிதறி ஓடின. தலைமையாசிரியை ஒரு அட்டையை எடுத்து விரித்தார். ஒட்டிய இடமெல்லாம் அரித்துப்போய், கோபுரம் எழாமல் துண்டு துண்டாக அவருடைய வெள்ளைப் புடவையில் உதிர்ந்தது. அடுத்தது... அதுவும். அதற்கடுத்ததிலிருந்து ராமபாணப் பூச்சிகள் வெள்ளியாய் ஊர்ந்து வெளியே வந்தன. நிர்வாகக் குழுவினர் இரண்டடி பின்வாங்கினார்கள். கூட்டிப் பெருக்குகிற அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"சில பேரு கைராசி அப்படி. தொட்டது வெளங்காது."

அப்போது ராஜாத்தியின் முகத்தைப் பார்த்தேன். பார்க்கத்தானே போனேன்! அவள் அழவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன். வயிறு குளிர்ந்தது! ஒரே ஒரு குறை மட்டும் இருந்தது. இதைச் செய்தது நான்தான் என்று அவளுக்குத் தெரியவில்லையே என்ற குறை.

சித்திரையோடு அவளை நிறுத்திவிட்டார்கள். ஆனியில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். "ராஜாத்தியிடம் கற்றுக்கொண்ட பெண்" என்றுதான் எடுத்தார்கள். அதையும் விழுங்கிக்கொண்டேன்.

ஆனால் நான் எண்ணியது வேலை போவது மட்டும்தான். கைராசி என்ற அந்தச் சொல்லை நான் எண்ணவில்லை. அது ராஜபாளையத்தில் புறப்பட்டு மடவார் வளாகம் வரை வந்து சேர்ந்தது. சீர்த்தட்டு அலங்கரிக்க அவளைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். புதுத் துணியை முதலில் வெட்ட அவளிடம் கொடுப்பதை நிறுத்தினார்கள். ஊர் சொன்னதுகூடப் பெரிதில்லை. அவளே நம்பிவிட்டாள்.

பிறகு அவளைக் கூமாப்பட்டியில் ஒரு விவசாயிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தீபாவளி விடுமுறையில் அவளைப் பார்க்கப் போனேன். ஏன் போனேன்? அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்கவா, எவ்வளவு கெட்டிருக்கிறாள் என்று பார்க்கவா? இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நடவு நாள். மேற்கே மலை கறுத்துக் கிடந்தது. சொந்த வயலின் வரப்பில் ராஜாத்தி ஒதுங்கி நின்றாள். முதல் நாற்றைக் கைராசிக்காரிதான் நட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவளுடைய வீட்டுக்காரர் நல்ல மனிதர். முதல் நாற்று முடியை அவளிடம்தான் நீட்டினார். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை அசைத்தாள். பக்கத்து வயல்காரி இறங்கி நட்டாள்.

பிறகு ராஜாத்தி வரப்பில் என் அருகில் வந்து உட்கார்ந்தாள். பிள்ளைகளைப் பற்றி, என் பள்ளியைப் பற்றிப் பேசினோம். வரப்புப் புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பொறுமையாக, குற்றம் சாட்டாத குரலில் கேட்டாள்.

"வடிவு, தப்பா எடுத்துக்காத. அன்னைக்குப் பசைல துத்தம் போட்டேல்ல?"

ஒரு சொல். "இல்லை" என்ற ஒரே ஒரு சொல் போதும், அவள் கை அவளுக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். எழுந்துபோய் அந்த வயலில் நாற்று நட்டிருப்பாள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் நான் காத்திருந்தேன்... எதற்கு? என் கோபுரத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்வாளா என்று! "ஒன்னோடத எடுத்துட்டுப் போனது நாந்தாண்டி" என்று அவள் வாய் திறந்திருந்தால் நானும் திறந்திருப்பேன். சத்தியமாகத் திறந்திருப்பேன்... என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அவள் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டேன்" என்றேன்.

"அப்ப எங்கைதான்" என்றாள் அவள். எழுந்து புடவையை உதறிக்கொண்டு எனக்குக் காப்பி போடப் போனாள்.

புறப்படும்போது ஒரு அட்டை கொடுத்தாள். பசையைத் தொடுவதில்லை என்று விரதம்போல் இருந்தாளாம். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லையாம். பஸ்ஸில் விரித்துப் பார்த்தேன். ஒரே தாள். ஒட்டு இல்லை, காது இல்லை, ஒரு சொட்டுப் பசை இல்லை. வெறும் வெட்டும் மடிப்பும்தான். பதினோரு நிலையும் எழுந்து நின்றன. மூடினால் என் அட்டையைவிடத் தட்டையாகப் படிந்தது. இதைப் பூச்சி தின்னவே முடியாது.

அது முழுக்க முழுக்க அவளுடையது. அவள் அதை என்னிடம் காட்டினாள். வேறு யாரிடம் காட்டுவாள்?

வத்திராயிருப்பு வருகிறவரை அதை விரிப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

இது நடந்து ஏழெட்டு வருடமாகிறது. ஒவ்வொரு ஐப்பசியிலும் கூமாப்பட்டிக்கு ஒரு கடிதம் எழுத உட்காருகிறேன். எழுதியதில்லை. உங்களிடம் சொல்ல முடிகிறது. உங்களுடையது எதுவும் என் பசையில் ஒட்டியிருக்கவில்லையே!

இப்போது பள்ளியில் மைதாப் பசை காய்ச்சுவதில்லை. அந்த ஒற்றைத் தாள் கோபுரத்தைத்தான் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். போன மார்கழியில் முன் வரிசையில் ஒரு பிள்ளை அதை விரித்து வைத்துக்கொண்டு, கண் விரியப் பார்த்துவிட்டு, இதை யார் கண்டுபிடித்தார்கள் டீச்சர் என்று கேட்டது.

நான்தான் என்றேன்.