ஃப்யோதரை உட்கார வைக்கச் சொன்னார்கள்

ஃப்யோதர் கோன்கின் என்னோடு ஈய ஆலையில் உலை வேலை பார்த்தவன். சாயங்காலமானால் எங்கள் ஐஸ் ஹாக்கி அணியின் தடுப்பாட்டக்காரன். டூகபோர் வம்சம். ஆயுதம் தொடமாட்டோம் என்று ரஷ்யச் சக்கரவர்த்தியையே முறைத்துக்கொண்டு கனடாவுக்குக் கப்பலேறிய கூட்டம் அது. ஃப்யோதர் கறிகூடத் தின்னமாட்டான். ஆனால் பனித்தளத்தில் அவன்மேல் மோதினவன் எழுந்திருக்கக் கொஞ்ச நேரமாகும்.

ஆலையில் உழைத்துவிட்டு ஆசைக்கு ஆடுகிற நாங்கள் கனடாவின் பெயரில் உலகக் கோப்பைக்குப் போனது டொராண்டோ பத்திரிகைகளுக்குப் பொறுக்கவில்லை. நாட்டின் மானத்தை வாங்கப் போகிறோமாம். எழுதிக் கிழித்தார்கள். நாங்களோ ஸ்விட்சர்லாந்தில் ஒவ்வொருத்தராக மண்ணைக் கவ்வ வைத்து, கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டோம். எதிரே ரஷ்யர்கள்; அதுவும் பனிப்போர்க் காலம்.

அன்று கனடா ஹாக்கிச் சங்கத்து அதிகாரி ஹார்க்னஸ் உடைமாற்றும் அறைக்கே வந்துவிட்டார்.

"கோன்கினை இன்னைக்கு உட்கார வைங்க. வீட்ல ரஷ்ய பாஷை பேசுறவன். ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா யார் பதில் சொல்றது?"

எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் கோச் மெக்ரே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவன் உட்கார்ந்தா எல்லாரும் உட்காருவோம். மட்டை அந்த மூலையில இருக்கு சார், நீங்களே போய் ஆடுங்க."

ஹார்க்னஸுக்கு முகம் சிவந்தது. "சரி. ஆனா ஆட்டத்துல ரஷ்ய பாஷையில ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"சரி, பேசலைங்க," என்றான் ஃப்யோதர். அந்த அமைதி எனக்கு எரிச்சலாக இருந்தது.

கடைசி நிமிடம். ஒரு கோல் முன்னால் இருந்தோம். ரஷ்யக் கேப்டன் தன் ஆளைப் பார்த்து என்னவோ கத்தினான். ஃப்யோதர் சட்டென்று இடத்தை விட்டுவிட்டு, ஆளே இல்லாத இடது பக்கம் பாய்ந்தான்.

"எங்கடா போறே, மடையா?" என்று கத்தினேன்.

ரஷ்யன் அடித்த ரப்பர் வட்டு நேராக அங்கேதான் வந்தது. கேப்டன் சொன்னது எங்கள் அணியிலேயே அவன் ஒருவனுக்குத்தான் புரிந்திருக்கிறது. வட்டைச் சுவரோரமாக வெளியே அடித்துத் தள்ளினான். மணி அடித்தது. ஜெயித்துவிட்டோம்.

கைகுலுக்க இரண்டு அணியும் வரிசையாக வந்தன. ஃப்யோதர் முதல் ரஷ்யனின் கையைப் பிடித்து, அரங்கமே கேட்கும்படி, "ஸ்பசீபா" என்றான். நன்றி. அந்தப் பையன் திகைத்துப்போய்ச் சிரித்தான். ஹார்க்னஸ் பனியில் சறுக்கியபடி ஓடிவந்து ஃப்யோதரின் சட்டையைப் பிடித்தார்.

"கேமரா பார்க்குதுய்யா, வாயை மூடு."

"ஆட்டத்துல பேசாதேன்னீங்க, பேசலை. ஆட்டம் முடிஞ்சுபோச்சு. இது எங்க அம்மா பேசுற பாஷை."

ஃப்யோதர் அடுத்த ரஷ்யனின் கையைப் பிடித்தான். "ஸ்பசீபா."

அவனுக்குப் பின்னால் நான். ஹார்க்னஸின் கண்ணைப் பார்த்துக்கொண்டே அதே வார்த்தையை உரக்கச் சொன்னேன். எனக்குப் பின்னால் நின்ற அத்தனை ஆலைக்காரர்களும் சொன்னார்கள்.