மண் இல்லாத நகரத்தில் புதைத்த காசு

எங்கள் வீட்டு வளவில் வாழைகள் வரிசையாக நிற்பதில்லை. கிணற்றடியில் ஒன்று, மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் இரண்டு, வாசல் படலையை மறித்துக்கொண்டு இன்னொன்று என அம்மா நினைத்த இடமெல்லாம் நட்டிருந்தார். கனடாவிலிருந்து தர்மபுரத்துக்கு வந்த பெரியம்மா முதல் நாளே அதைப் பார்த்துச் சிரித்தார். அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

பெரியம்மாவுடன் அவருடைய மகனும் வந்திருந்தார்; எங்களுக்கு அவர் கனடா அண்ணா. பதினாறு வயது. எங்கள் வீட்டில் இன்டர்நெட் இல்லை என்று தெரிந்ததும் யாருடனும் கதைக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு மனமிரங்கி, பெட்டியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தையும் பல முகங்கள் கொண்ட பகடைகளையும் எடுத்துவந்து, என் அண்ணாவையும் என்னையும் விறாந்தையில் இருத்தினார். எனக்கு அப்போது பத்து வயது.

அது கதை சொல்லி விளையாடும் விளையாட்டு. கனடா அண்ணா ஒரு நகரத்தைச் சொல்வார். அதற்குள் என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும், சின்ன எண் விழுந்தால் பிழைக்கும். இனி வரப்போகும் காலத்து நகரம். ஆட்களுக்கு இரும்புக் கை, கண்ணுக்குள் கமரா. நாங்கள் கள்ளர்; ஆளுக்கொரு பாத்திரத்தை உண்டாக்கி ஒரு தாளில் எழுதி வைத்திருந்தோம். ஒரு பெரிய கொம்பனியின் கணினிக்குள் புகுந்து கோடிக்கணக்கில் காசு திருடியிருந்தோம். நான் ஆசை ஆசையாக உண்டாக்கிய இரும்புக்கைக்காரிதான் பூட்டைத் திறந்தவள்.

திருடுவது சுகம், வைத்திருப்பதுதான் பெரும்பாடு. அந்தக் காசு வெறும் எண்கள்தான். ஆனால் ஒவ்வொரு சதத்திலும் கொம்பனியின் அடையாளம் இருந்தது. எங்கே செலவழித்தாலும், யார் கணக்குக்கு மாற்றினாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அண்ணா பொறுமையில்லாமல் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அவருடைய ஆள் கடை வாசலிலேயே செத்தான். செத்தவனின் தாளைக் கிழித்துவிட வேண்டும் என்பது விதி. அண்ணா அலட்சியமாகக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொருவனை எழுதிக்கொண்டார். எனக்கு என்னுடையவளை விட்டுக்கொடுக்க மனமில்லை.

ஒரு தரகனைப் பிடித்து, பாதியை அவனுக்குக் கொடுத்து, மீதியைப் பல கணக்குகளுக்குள் ஓடவிட வேண்டும் என்று புத்தகத்தில் வழி இருந்ததாம். நான் வேறு சொன்னேன். காசை ஒரு சின்னக் கணினிச் சில்லுக்குள் இறக்கிப் புதைத்துவிட்டுப் போவோம், தேடுகிறவர்கள் களைத்த பிறகு வந்து எடுப்போம். எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு வேறு என்ன யோசனை வரும்? சண்டைக் காலத்தில் ஊரே உள்ளதைப் புதைத்துவிட்டுத்தான் இடம்பெயர்ந்து நடந்தது.

"அங்க மண் இல்லை," என்றார் கனடா அண்ணா. "முழுக்கக் கொங்கிறீட்."

குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "மண் இல்லாத ஊர் எங்க தம்பி இருக்கு? ரோட்டுக் கிண்டின இடம் ஒண்டு இருக்கும், வடிவாப் பாருங்கோ."

கனடா அண்ணா புத்தகத்தைப் புரட்டினார். "ஓம் சித்தி, இருக்கு. பழைய ஃபக்டரி ஒண்டுக்குப் பின்னால." அந்த நிமிடத்தில் அவரே உண்டாக்கிய நிலம் அது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எங்களுடன் இருந்தார். கடைசி இடப்பெயர்வில் அப்பா காணாமற்போன பிறகு, அம்மா விளையாட இருந்து நான் கண்டதில்லை.

"மரத்துக்குக் கீழ வையாதேங்கோ, வாறவன் முதல் அங்கதான் கிண்டுவான். தகரப் பேணியில வைச்சாக் கறள் பிடிக்கும். பொலித்தீனால சுத்துங்கோ."

கனடா அண்ணா பகடையை அம்மாவிடம் கொடுத்தார். இருபது முகத்தில் விழுந்தது இரண்டு. அவர் அதை உள்ளங்கையால் மூடி, "நல்லா விழுந்திருக்கு சித்தி," என்றார். நான் கண்டேன். இரும்புக்கைக்காரி தப்பிவிட்டாள் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

இடம் ஆருக்குத் தெரியும் என்று அம்மா கேட்டார். அண்ணா நெஞ்சை நிமிர்த்தி, "எனக்கு மட்டுந்தான். உயிர் போனாலும் சொல்லன்," என்றார்.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அப்பிடிச் செய்யாதை. எல்லாரும் அறிஞ்சிருக்கோணும். இப்பவே சொல்லிக் காட்டுங்கோ."

ஃபக்டரியின் பின்சுவர், உடைந்த குழாய், அதற்கு இடப்பக்கம் என்று ஒவ்வொருவராக ஒப்புவித்தோம். நகரத்தையே உண்டாக்கியவரையும் அம்மா விடவில்லை. அண்ணாவும் நானும் சிரிப்பை அடக்க, கனடா அண்ணா மட்டும் தேவாரம் சொல்வதுபோலக் கவனமாகச் சொன்னார்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் பெரியம்மா போனில் சொன்னார். இடம்பெயரும்போது அப்பா எங்களை முன்னே அனுப்பிவிட்டு, அம்மாவின் நகைகளைப் பால்மாப் பேணியில் போட்டு வளவில் புதைத்தாராம். யாராவது பிடித்துக் கேட்டால் அம்மா சொல்லும்படி ஆகிவிடக் கூடாது என்று இடத்தை மட்டும் சொல்லவில்லையாம். மீளக்குடியேறியதும் அம்மா சந்தேகப்பட்ட இடமெல்லாம் கிண்டினார். அயலார் ஏனென்று கேட்காமல் இருக்க, கிண்டிய குழியிலெல்லாம் ஒரு வாழைக்குட்டி வைத்தார். பேணி இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் குலைகளை விற்றுத்தான் எனக்குச் சப்பாத்தும் கொப்பியும் வந்தன.

கனடா அண்ணாவுக்கு இதெல்லாம் அப்போதே தெரியுமாம். அந்த இரண்டை மூடிய கைக்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லோரும் பிசகாமல் இடத்தைச் சொல்லி முடித்ததும் அம்மா, "இனிப் பயமில்லை," என்று எழும்பினார். வென்றுவிட்டோம் என்று நினைத்து நான் கைதட்டினேன்.